தோடம்பழ நிறக் கொடிகள்

வெள்ளை உடுத்திய ஒரு கூட்டம் தோட்டத்து ரோட்டில் மேலேறி வந்துகொண்டிருந்தது.

இரவு முழுவதும் பெய்த மழை விட்டு, தேயிலை மலையில் இருந்து ஈரம் புகை மாதிரி எழும் காலை நேரம். நான் பங்களா சமையலறையின் பின்வாசலில் உட்கார்ந்து, தேயிலை ருசி பார்க்கும் பீங்கான் கிண்ணங்களை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தேன். முதலில் கண்ணில் பட்டவை குடைகள். கறுப்புக் குடைகளுக்குக் கீழே வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சேலை. இரண்டு பேர் தோளில் தென்னங்குருத்துக் கட்டு. யாரும் பேசவில்லை. காலடிச் சத்தம் மட்டும் சேற்றில் சளக் சளக்கென்று கேட்டது.

உள்ளேயிருந்து என் மனைவி ராஜி எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க, கீழ நாட்டுச் சனம் மொத்தமா வருது. நம்ம பக்கந்தான் வாறாங்க."

"தெரியுது."

"சின்னவளத் தூக்கிக்கிட்டு ஸ்டோர் பக்கமா எறங்கிறவா?"

கலவான பக்கத்துத் தோட்டங்களில் எங்கள் தமிழ் ஆட்கள் கொஞ்சம். சுற்றிவரச் சிங்களக் கிராமங்கள். எங்களுக்குள் சண்டையில்லை. அவர்கள் கடையில் சாமான் வாங்குவோம், அவர்கள் பாஷையில் சிரிப்போம். ஆனாலும் ஒரு கூட்டம் மேலேறி வந்தால் முதலில் பிள்ளைகளைத்தான் தேடுவோம். முன்னொரு காலத்தில் பழகிப்போனது அது. போர் நிறுத்தம் என்று ரேடியோ சொல்லிவிட்டதால் உடம்பு அதை மறந்துவிடுவதில்லை.

கூட்டம் பங்களாவின் கேட்டடிக்கு வந்து நின்றது. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. கேட்டில் இருந்து ரோட்டு வளைவு வரை குச்சிகளில் கயிறு இழுத்து நான் கட்டியிருந்த ஒரேஞ்ச் கொடிகளை, தோடம்பழ நிறக் கொடிகளைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிண்ணத்தைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடினேன்.

ருசி பார்க்க வந்தவர்

அந்தக் கொடிகள் ஏன் வந்தன என்று சொல்ல, ஹலினா நோனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நோனா என்றால் துரைசானி. அவர் உக்ரேன் நாட்டுக்காரர். அங்கே தேயிலை விற்கும் ஒரு கம்பெனிக்காக எங்கள் ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், அரைக்கும் இலையை ருசி பார்க்க வந்து, ஸ்டோருக்கு மேலேயுள்ள சின்னப் பங்களாவில் சில மாதம் தங்கியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். உயரமான, பெரிய கைகளுள்ள பெண். வாயில் தேநீரை உறிஞ்சி இழுக்கும் சத்தம் கேட்டு என் சின்ன மகள் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பாள். நோனா அவளுக்காகவே இன்னும் பலமாக இழுப்பார்.

அந்தப் பங்களாவைக் கூட்டுவதும் சமைப்பதும் எனக்கும் ராஜிக்கும் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். புது ஆட்களிடம் பேச வேண்டுமென்றால் வேறு வழியால் சுற்றிப் போய்விடுவேன். என் இங்கிலீசு பங்களாவில் கேட்டுப் பொறுக்கிய இங்கிலீசு. அவருடைய இங்கிலீசும் அவ்வளவுதான். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் பியசேன ஐயா நல்ல இங்கிலீசு பேசுவார். நோனாவுக்கு அது பாதி புரியாது. என்னுடையது முழுக்கப் புரிந்தது. இரண்டு பேரிடமும் இருந்த சொற்கள் ஏறக்குறைய ஒன்று.

"உக்ரேன் எங்கீங்க இருக்கு?" என்று ராஜி கேட்டபோது, "ரஷ்யாவுக்குப் பக்கத்துல" என்றேன். நோனாவுக்கு அந்தப் பதில் புரிந்துவிட்டது. முகம் மாறியது. அவர் மேசையில் ஒரு கிண்ணத்தை வைத்தார். இது ரஷ்யா. இன்னொன்றைத் தள்ளி வைத்தார். இது உக்ரேன். இரண்டுக்கும் நடுவில் தன் பெரிய கையை நிறுத்திக்கொண்டு, "வேறு. வேறு" என்றார்.

ரொட்டித் தூள்

சாப்பிட்டு முடித்ததும் நோனா ஒரு காரியம் செய்வார். மேசையில் சிந்திய ரொட்டித் தூளை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். பெரிய கம்பெனி ஆள் இப்படிச் செய்கிறாரே என்று நான் பார்ப்பதை ஒருநாள் அவர் பார்த்துவிட்டார்.

அது அவருடைய அப்பாவின் பழக்கமாம். அப்பா சிறுவனாக இருந்தபோது, உக்ரேனை அப்போது ஆண்ட பெரிய நாட்டின் அரசாங்கம் அவர்கள் ஊரில் வீடு வீடாக வந்து கோதுமையை வழித்துக்கொண்டு போனது. விளைந்தது நல்ல விளைச்சல். தின்ன ஒன்றுமில்லை. புல்லையும் மரப்பட்டையையும் அவித்துத் தின்றார்கள். ஊர் ஊராகச் செத்தார்கள். அதைவிடப் பெரிய கொடுமை, பிறகு அதைப் பற்றிப் பேசவும் கூடாது என்றிருந்தது. அப்பா மகளிடம்கூடச் சொல்லவில்லை. தூளை மட்டும் ஒற்றியெடுத்தார்.

நாடு தனியான பிறகுதான், கிழவராகி, ஒருநாள் வாய் திறந்தாராம்.

எனக்கு எழுபதுகளின் பஞ்சம் ஞாபகம் வந்தது. மாவும் அரிசியும் இல்லாத அந்த வருடங்களில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மரவள்ளி இலையையும் காட்டுக் கீரையையும் அவித்துத் தின்றோம். பக்கத்துக் காம்பராவில் இருந்த மனிதர் ரோட்டில் விழுந்து அப்படியே போனார். நாங்களும் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. எங்களை யாரும் பேசக் கூடாது என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் நோனாவிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு வெளி ஆளிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "இலை," "பசி," "ரோடு," "விழுந்தார்" என்று நாலு சொல்லை வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் எழுந்து போய், தன் பெட்டியிலிருந்து ஒரு நீளத் துவாயை எடுத்து வந்து மேசையில் விரித்தார். இரண்டு ஓரத்திலும் சிவப்பு நூலில் பூவும் பறவையும் தைத்திருந்தது. அவருடைய அம்மா தைத்தது. வீட்டுக்கு வருகிறவருக்கு அதன் மேல் ரொட்டியும் உப்பும் வைத்துக் கொடுப்பார்களாம்.

அன்று அதன் மேல் ராஜி சுட்ட தேங்காய் ரொட்டியை வைத்தோம். தொட்டுக்கொள்ள வைத்த கட்டச் சம்பலில் உப்பு இருந்தது.

ஒரே நாளில் எல்லாரும்

"உங்கள் நாடு தனியானபோது சண்டை நடந்ததா?" என்று ஒருநாள் கேட்டேன்.

இல்லையாம். பெரிய நாடு உள்ளுக்குள்ளே இற்றுப்போனது. சனத்திடம் வோட்டுக் கேட்டார்கள். தனியாக இருப்போம் என்று சனம் போட்டது. முடிந்தது. பிறகு கடையில் சீனி இல்லை, சம்பளம் மாதக்கணக்கில் வரவில்லை, அதெல்லாம் வேறு கதை. பள்ளிக்கூடத்தில் பின்வரிசையில் இருந்த அவர்கள் பாஷை முன்வரிசைக்கு வந்தது. நோனாவே நகரத்தில் படித்த காலத்தில், சொந்தப் பாஷை பேசினால் பட்டிக்காடு என்று சிரிப்பார்களாம். வாயை மூடிக்கொண்டு வளர்ந்ததாகச் சொன்னார். அந்த ஒன்று எனக்கு விளக்கமில்லாமலே விளங்கியது.

"அப்போ யார் அந்த நாட்டு ஆள், யார் இல்லை என்று எப்படிப் பிரித்தார்கள்?"

அவருக்கு என் கேள்வி புரியவில்லை. திருப்பிக் கேட்டேன்.

"பிரிக்கவில்லை," என்றார். "அன்றைக்கு அங்கே குடியிருந்த எல்லாரும். ரஷ்யர், யூதர், தாத்தார், எல்லாரும். ஒரே நாளில்."

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை. சும்மா நின்றேன்.

எங்கள் கதை அப்படியில்லை. இந்த நாடு தனியானதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, எங்களைத் தன் ஆளில்லை என்று தள்ளியது. அப்பா இந்தியாவுக்கே போகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். பாஸ்போட்டும் வந்தது. போக வேண்டிய கப்பல் ஓடாமல் நின்றுபோனது. அந்தப் பாஸ்போட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு அப்பாவும் போய்ச் சேர்ந்தார். நான் இந்த நாட்டு ஆளானது நோனா வந்ததற்கு முந்தின வருடந்தான், புதுச் சட்டம் வந்த பிறகு. வோட்டுப் போடுவது எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

ஆகவே நோனாவின் மகன் அந்திரி, கியிவ் நகரத்துச் சதுக்கத்தில் பனிக்குள் கூடாரம் அடித்து நிற்கிறான் என்று கேட்டபோது முதலில் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஜனாதிபதித் தேர்தலில் சனம் போட்ட வோட்டை மாற்றி எண்ணிவிட்டார்களாம். அதற்காக லட்சக்கணக்கான சனம் வேலைக்குப் போகாமல் தெருவில் நிற்கிறது. எல்லாரிடமும் தோடம்பழ நிறம். கழுத்தில், மரத்தில், வாகனத்தில், விளக்குக் கம்பத்தில். நோனாவும் மணிக்கட்டில் அந்த நிறத்தில் ஒரு நாடா கட்டியிருந்தார்.

"ஒரு வோட்டுக்கா இவ்வளவு?" என்று ராஜி கேட்டாள்.

கொஞ்ச நாள் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. எங்களுக்கு இல்லாத ஒன்றை யாரும் திருட முடியாது. அவர்களுக்கு இருந்தது.

மழையும் ரேடியோவும்

கார்த்திகை மழை வலுத்தது. கலவானவுக்குப் போகும் ரோட்டில் மண் சரிந்தது. டெலிபோன் கம்பமும் அதோடு போனது. அதுவரை ஸ்டோர் போனில் இரண்டு நாளைக்கொரு தடவை அந்திரியின் குரலைக் கேட்டுவிடுவார் நோனா. அது நின்றது. மிச்சமிருந்தது அவருடைய சின்ன ரேடியோ.

ஒரு மாலை அதில் ஒரு செய்தி வந்தது. பட்டாளத்து லொறிகள் சதுக்கத்தை நோக்கிக் கிளம்பியிருக்கின்றன. அடுத்த வரிக்குள் இடி இடித்து ரேடியோ கரகரத்தது. அதற்குப் பிறகு எவ்வளவு திருகியும் இரைச்சல்தான்.

நோனா அழவில்லை. வெளிவிறாந்தையில் நாற்காலியைப் போட்டு, ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாளும் அங்கேயே இருந்தார். நான் கொண்டுபோன தேநீர் ஆறி ஆடை படிந்தது. தேநீரை ஆறவிடாத மனுஷி அவர்.

"எதாச்சும் செய்யுங்களேன்" என்றாள் ராஜி.

"நான் என்னா செய்ய? பட்டாளத்தயா நிப்பாட்டுறது?"

"பட்டாளத்த விடுங்க. அம்மன் திருவிழாவுக்குக் கொடி தைக்க எடுத்த துணி ஒரு கட்டு இருக்குல்ல. அதே கலருதான். அவங்க ஊருல மரத்துக்கெல்லாம் கட்டியிருக்குன்னு சொன்னாங்களே. இங்கயும் கட்டினா பார்த்துட்டு ஒரு வாய் சாப்பிடுவாங்க."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. வெளிச்சம் மங்குவதற்குள் துணியைக் கிழித்து, குச்சி நட்டு, கயிறு இழுத்து, ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டி முடித்தேன். நோனா படியிறங்கி வந்து, ஒவ்வொரு கொடியையும் தொட்டுக்கொண்டே வளைவு வரை நடந்துவிட்டுத் திரும்பினார். அன்று இரண்டு வாய் சோறு சாப்பிட்டார்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டு ரோட்டுக்கு வெள்ளைக் கொடி கட்டுவார்கள். பன்சலை என்ற புத்த விகாரையில் இருக்கும் பிக்கு ஒருவர் காலமானால் மட்டும் மஞ்சள் அல்லது காவி. இதே மாதிரி, குச்சி நட்டு, கயிறு இழுத்து, ரோட்டின் இரு பக்கமும். எனக்குத் தெரியாததல்ல. கிராமத்துச் சாவுகளுக்கு நானே கூடமாட நின்று கட்டியிருக்கிறேன். அன்று என் கைக்குப் பழகிய கட்டு அதுதான். தலைக்குத்தான் வரவில்லை.

அந்த வாரம் கிராமத்துப் பன்சலையின் பெரிய பிக்கு, எல்லாரும் லொக்கு ஹாமுதுருவோ என்று சொல்லுகிறவர், காய்ச்சலில் படுத்திருந்தார்.

கேட்டடியில்

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

கூட்டத்தின் முன்னால் நின்றவர் கடைக்காரர் சோமே மாத்தயா. கண் சிவந்திருந்தது. அவர் சிங்களத்தில் கேட்டார்:

"மாணிக்கம், எப்போ நடந்தது? கொடியப் பார்த்துத்தான் வந்தோம்; ஊருக்குச் சொல்லாம தோட்டத்துக்கு ஏன் முதல்ல சொன்னாங்க?"

பியசேன ஐயா மண்சரிவைப் பார்க்கப் போயிருந்தார். எனக்குப் பதிலாகப் பேச ஒருவருமில்லை. ராஜி பின்னாலிருந்து என் முதுகில் குத்தினாள்.

"யாரும் சாகல மாத்தயா," என்றேன். "இது வேற கொடி."

"வேற கொடியா?" பின்னாலிருந்து ஒருவர் குரல் உயர்ந்தது. "உயிரோட இருக்கிற ஹாமுதுருவோவுக்குக் கொடி கட்டினீங்களா? இது என்ன பகிடி?"

"பந்தலுக்குத் தென்னங்குருத்து வெட்டிட்டோம்" என்றார் இன்னொருவர்.

கூட்டம் கேட்டை ஒட்டி நெருங்கியது. நான் கேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கதவைப் பூட்டவா, என்னை நிமிர்த்தி வைக்கவா என்று இன்றைக்கும் தெரியாது. பேச ஆரம்பித்தேன். விறாந்தையில் இருக்கும் நோனாவைக் காட்டினேன். அவருடைய மகன், சதுக்கம், பனி, பட்டாளம், போன் செத்துக் கிடப்பது, இந்த நிறம். சிங்களம் எனக்கு நன்றாக வரும். ஆனால் அன்று வினைச்சொல் எல்லாம் ஓடிப்போய்விட்டது. இருந்தும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன நடக்குமோ என்ற பயம்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தின் பின்பக்கம் விலகியது. ஒரு பழைய குடை மேலே வந்தது. கீழே, காவிச் சீவரத்துக்கு மேல் கம்பளித் துண்டு போர்த்திக்கொண்டு, லொக்கு ஹாமுதுருவோ.

பெண்கள் சேற்றிலேயே மண்டியிட்டுக் கும்பிட்டார்கள். சோமே மாத்தயா வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னவா, இன்னவா," என்றார் ஹாமுதுருவோ. இருக்கிறேன், இருக்கிறேன். "என் சாவுக்கு எல்லாரும் போறீங்க, என்னை மட்டும் கூப்பிடலையேன்னு வந்தேன்."

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். அதோடு எல்லாரும். தென்னங்குருத்துக் கட்டைச் சுமந்தவர்கள் அதைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். நான் கேட்டிலிருந்து கையை எடுக்க முடியாமல் நின்றேன். விரல் மடங்கிப் போயிருந்தது.

அவர் என்னிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். பிறகு கொடிகளைப் பார்த்தார்.

"அந்த ஊரில எல்லாரும் சீவர நிறத்திலயா நிக்கிறாங்க?"

"ஆமாங்க சாது."

"கையில துவக்கு?"

"இல்லைங்களாம். பாட்டுப் பாடுறாங்களாம்."

அவர் தோள்பையைத் துழாவி ஒரு சின்னக் கைப்போனை எடுத்தார். இத்தாலியில் வேலை செய்யும் ஊர்க்காரர் ஒருவர் பன்சலைக்குக் கொடுத்ததாம். இந்த மலைக்குள் அது வேலை செய்யாது, பன்சலையின் அரச மரத்தடியில் மட்டும் இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து சிக்னல் வரும் என்றார்.

"நோனாவக் கூட்டிட்டு வா."

அரச மரத்தடி

சாவுக்கு வந்த கூட்டம் அப்படியே திரும்பியது. நடுவில் குளிர்ச்சட்டை போட்ட உயரமான வெள்ளைக்காரப் பெண். என்ன நடக்கிறதென்று அவருக்குச் சரியாகத் தெரியாது. "போன்," "மகன்" என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்தேன். பன்சலை வாசலில் செருப்பைக் கழற்றி, ஈர மணலில் வெறுங்காலோடு நடந்தார்.

பல தடவை அடித்தும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஹாமுதுருவோ போனை வாங்கிப் பார்த்துவிட்டு, மரத்தை இன்னும் கொஞ்சம் சுற்றச் சொன்னார். அரச மரத்தை ஒரு சுற்றுச் சுற்றியாகிவிட்டது. பிறகு நோனாவின் தோள் நிமிர்ந்தது. அவர் மகனின் பெயரைச் சொன்னார். அடுத்த நிமிடம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பாஷையில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. முதல் சொல்லிலேயே மகன் நலமென்று தெரிந்துவிட்டது. கூட்டத்துக்கும் தெரிந்துவிட்டது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

லொறிகள் பாதி வழியில் திரும்பிப் போய்விட்டனவாம். அந்திரி கூடாரத்தில்தான் இருக்கிறான். தொண்டை கட்டியிருக்கிறது, பாடிப் பாடி. பொலிஸ்காரர்களின் கேடயத்தில் பெண்கள் பூச்செருகுகிறார்களாம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வாளி வாளியாகத் தேநீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்களாம்.

"யார் தேயிலை?" என்று கேட்டேன்.

நோனா மகனிடம் கேட்டார். அவன் ஏதோ சொல்ல, இவர் சிரித்துவிட்டார். "தெரியாது என்கிறான். சூடாக இருக்கிறதாம், அது போதுமாம். என் மகன்!"

பிறகு கொடிக் கதையை அவனுக்குச் சொன்னார் என்று நினைக்கிறேன். நடுவில் "இன்னவா, இன்னவா" என்பது மட்டும் கேட்டது. எங்கள் ஹாமுதுருவோ மாதிரியே தலையை ஆட்டிச் சொன்னார். அந்தப் பக்கம் அவனும் அதைச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், அவர் திருத்திக் கொடுத்தார்.

போகும்போது சோமே மாத்தயா என் தோளில் தட்டினார். "அடுத்த தடவை பச்சையோ நீலமோ கட்டு. கட்சிக் கலரு, அதுக்குச் சண்டதான் வரும், சனம் அழாது."

கடல் வந்த நாள்

நீதிமன்றம் அந்தத் தேர்தலைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. மறுபடி வோட்டுப் போட நாள் குறித்தார்கள். அது இங்கே மார்கழிப் பௌர்ணமி, போயா நாள். அன்றைக்குத்தான் எங்கள் கரையில் கடல் ஏறி வந்தது.

மலைக்குள் இருந்த எங்களுக்குப் பகலுக்குப் பிறகுதான் விஷயம் தெரியும். போயா விரதத்துக்கு, சில் எடுக்க, பன்சலைக்கு வந்த சனம் வீட்டுக்குப் போகவில்லை. அரிசி, துணி, பாய், பால்மா என்று கொண்டுவந்து குவித்தது. லயத்திலிருந்து நாங்களும் மூட்டைகளோடு இறங்கினோம். மூட்டை கட்டக் கயிறு பற்றவில்லை. ராஜி மடித்து வைத்திருந்த கொடித் துணிகளை எடுத்து வந்தாள். வெள்ளைச் சாக்குகளின் வாயை அதனால் கட்டினோம்.

நோனா பங்களாவில் ஒரு சாக்குக்கான துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாயும் நேரம், அரச மரத்தடியில் வைத்திருந்த போன் அடித்தது. ஹாமுதுருவோ எடுத்தார். அந்தப் பக்கம் ஒரு பையன் கத்துவது எனக்கே கேட்டது. அவருக்கு இங்கிலீசும் தெரியாது, அவன் பாஷையும் தெரியாது. "மாமா, மாமா" என்ற ஒரு சொல்தான் விளங்கியது. எந்த ஊரிலும் அம்மா என்பதற்கு அது கிட்டத்தட்டப் போதும்.

"இன்னவா," என்றார் ஹாமுதுருவோ. அந்தப் பக்கம் சத்தம் நின்றது. அவர் இன்னும் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார்: "மாமா இன்னவா. இன்னவா."

பிறகு தூரத்திலிருந்து, கட்டிய தொண்டையில், அந்தப் பையன் அதைத் திருப்பிச் சொன்னான். "இன்னவா?"

"இன்னவா."

நான் நோனாவைக் கூப்பிட மலையேறி ஓடினேன்.

அவர்கள் ஆள் அந்தத் தேர்தலில் ஜெயித்தார். பிறகு தலைவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அது எனக்கு அவ்வளவு தெரியாது. அடுத்த வருடம் என் பெயரும் வாக்காளர் இடாப்பில் ஏறி, நானும் ராஜியும் முதல் தடவையாக வரிசையில் நின்றோம். அதிகாரி என் பெயரைப் படித்துவிட்டு, ஆள் இருக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டார்.

பெயர் கூப்பிட்டால் வழக்கமாக நான் கையைத்தான் தூக்குவேன். அன்று வாயைத் திறந்து சொன்னேன்.